பாலத்தை யார் தாங்குகிறார்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நெடுஞ்சாலையில் கான்கிரீட் பாலம் கட்டுற முறைகளைப் பத்தி அரை மணி நேரம் பேசுப்பா" என்றார். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் இருவருக்குத் தெரியும், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பாடத்தில் நான் அரியர் வைத்தவன். அவர்கள் முன்னால் பாலத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் பத்து வருடத்துக்கு மேல் சைட்டில் வெயிலில் நின்றவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இந்த அரங்கில் சிவில் படித்தவர்கள் மட்டும் இல்லை. எலக்ட்ரிகல், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் ஃபார்முலாக்களை அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்வோம்.

கான்கிரீட் ஊற்றும்போது அது வெறும் கூழ். ஒரு கன மீட்டர் கூழ் ஏறக்குறைய இரண்டரை டன் எடை. அது இறுகி, பலம் ஏறி, தன் எடையைத் தானே சுமக்கச் சில நாட்களாவது ஆகும். அதுவரை அதை யாராவது தாங்கியாக வேண்டும். யார் தாங்குவது? பாலம் கட்டும் முறைகள் எத்தனை இருந்தாலும், எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்.

முதல் பதில், தரை தாங்கும்.

இது நம் வீட்டு மாடிக்குத் தளம் போடுகிற முறையேதான். கீழிருந்து முட்டுக் கொடுத்து, அதன் மேல் பலகை அல்லது ஷீட் பரப்பி, கம்பி கட்டி, கான்கிரீட் போட வேண்டும். வீட்டுக்குச் சவுக்குக் கழி. பாலத்துக்கு இரும்புக் குழாய் ஸ்டேஜிங். நம் ஊர்ப்பக்கம் ஓடைகளின் மேல் இருக்கும் சிறு பாலங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்பட்டவை. செலவு குறைவு. பெரிய கிரேன் வேண்டாம். ஆனால் ஆறு வறண்டிருக்க வேண்டும், உயரம் குறைவாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முட்டு நிற்கிற மண் உறுதியாக இருக்க வேண்டும்.

இந்த மண் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர், கம்பெனி பெயர் வேண்டாம். தவறு என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். வறண்ட ஆற்றில் பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணுக்குத் தளம் போட வேண்டும். கண் என்றால் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி. காலை ஆறு மணிக்கு கான்கிரீட் என்று முடிவு செய்திருந்தோம். முந்தின ராத்திரி நல்ல மழை. விடியற்காலையில் சென்ட்ரிங் மேஸ்திரி என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கையில் கடப்பாரை. முட்டுக்கு அடியில் வைத்திருந்த மரக்கட்டைக்குப் பக்கத்தில் மணலில் கடப்பாரையை விட்டார். எந்தச் சிரமமும் இல்லாமல் ஒரு அடி இறங்கிவிட்டது.

"மண்ணு ஊறிக் கெடக்குது சார். இன்னைக்கு வாணாம்" என்றார்.

எனக்கும் புரிந்தது. ஆனால் பிளான்ட்டிலிருந்து லாரிகள் கிளம்பிவிட்டன. பம்ப் வாடகைக்கு வந்து நிற்கிறது. பெரிய அதிகாரி ஒன்பது மணிக்குப் பார்க்க வருகிறார். "பரவாயில்லை மேஸ்திரி, கூட நாலு ஜாக்கி வெச்சு டைட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டேன். எட்டரை மணிக்கு, ஏறக்குறைய 25 கன மீட்டர் போட்ட நிலையில், லெவல் பார்க்கிற பையன் கத்தினான்: "சார், நடுவுல 22 மில்லி எறங்கிடுச்சு!" வேலையை நிறுத்தினோம். ஆட்களை எல்லாம் கீழே இறக்கினோம். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடிபடவில்லை. அந்த 25 கன மீட்டரையும் உடைத்துக் கம்பியிலிருந்து பிரித்தெடுக்க ஒன்பது நாள் ஆனது.

மேஸ்திரி ஒரு முறைகூட "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அன்று மாலை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். மண்ணின் தாங்குதிறனை நான் பரீட்சைக்குப் படித்தவன். அவர் கடப்பாரையால் அளந்தார். அவர் அளவுதான் சரியாக இருந்தது. மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பதில், தரையிலேயே செய்து தூக்கி வைப்பது.

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அல்லது கீழே பஸ் ஓடுகிறது, முட்டுக் கொடுக்க முடியாது. அப்போது கரையில் ஒரு யார்டு போட்டு, அங்கேயே கர்டர்களைச் செய்து, பலம் ஏறிய பிறகு கிரேனிலோ லாஞ்சிங் கர்டரிலோ எடுத்துத் தூண்களின் மேல் வைக்கிறோம். பிறகு அவற்றின் மேல் டெக் ஸ்லாப் போடுகிறோம். நாற்கரச் சாலையில் நீங்கள் பார்க்கிற மேம்பாலங்களில் பல இந்த வகைதான். 30 மீட்டர் கர்டர் ஒன்று ஐம்பது, அறுபது டன் இருக்கும்.

இங்கே பிரீஸ்ட்ரெஸ் என்ற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைச் சிறு வயதில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின் மேல் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்துண்டுகளை எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் சக்கரம் பிரியாது. கர்டரிலும் அதே சூத்திரம்தான். கான்கிரீட்டுக்குள் குழாய் மாதிரி ஒரு டக்ட் விட்டு, அதற்குள் உயர்ரக எஃகுக் கம்பிகளைக் கோத்து, ஜாக்கி வைத்து இழுத்து, இரண்டு முனையிலும் ஆப்பு வைத்துப் பூட்டிவிடுகிறோம். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட் அமுங்கும். லாரி ஏறும்போது வருகிற இழுவையை ஏற்கெனவே கொடுத்த அமுக்கம் சரிக்கட்டிவிடும்.

இந்த முறையைத் தொழிலாக மாற்றியவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் பிரெய்சினே. 1928-ல் காப்புரிமை பெற்றார். நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. இந்தியாவின் முதல் பிரீஸ்ட்ரெஸ் சாலைப் பாலம் என்று சொல்லப்படுவது நம் தமிழ்நாட்டில், செங்கல்பட்டு அருகே பாலாற்றின் மேல் 1954-ல் கட்டப்பட்ட பாலம்தான். 23 கண்கள், ஒவ்வொன்றும் சுமார் 27 மீட்டர். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு செய்த வேலை. அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது பாலாற்றைத் தாண்டுகிற நேரத்தில் ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் ஆபத்தான நேரம் எது? கர்டரைத் தூக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாக இருப்பார்கள். வைத்து முடித்ததும், "அப்பாடா" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்போதுதான் ஆபத்து. கர்டர் உயரமானது, ஒல்லியானது. பக்கத்துக் கர்டரோடு குறுக்குக் கட்டுமானம் சேரும் வரை அது ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு. 2018 மே மாதம் வாரணாசியில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் கர்டர்கள் கீழே ஓடிய வாகனங்களின் மேல் விழுந்து பலர் இறந்தார்கள். கர்டர்களைக் குறுக்கே பிணைக்காமல் விட்டிருந்தது விசாரணையில் பேசப்பட்டது. 2021 ஆகஸ்டில் மதுரை நத்தம் சாலை மேம்பால வேலையில் கர்டரை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது அது விழுந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். வேலை தேடி வடக்கேயிருந்து இங்கே வந்தவர் அவர். பாலம் முடிந்தால் நாம் கல்வெட்டு வைக்கிறோம். இவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது.

இன்னொரு மறைவான விஷயம் கிரவுட். கம்பியை இழுத்துப் பூட்டிய பிறகு, டக்டுக்குள் மிச்சமிருக்கும் இடத்தைச் சிமென்ட் பாலால் அழுத்தம் கொடுத்து நிரப்ப வேண்டும். கம்பியை இழுத்த இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒரு முனையில் ஊற்றினால் மறுமுனையில் அதே கெட்டியில் வெளியே வர வேண்டும். நடுவில் காற்று நின்றுவிட்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஆனால் ஈரத்துக்குத் தெரியும். இறுக்கி இழுத்த கம்பி துரு பிடித்தால் வெளியே அறிகுறி எதுவும் காட்டாமலே அறுந்துபோகலாம். கோவாவில் 1970-ல் திறக்கப்பட்ட மாண்டவி பாலம் 16 ஆண்டுதான் நின்றது. 1986 ஜூலையில் விழுந்தது. காரணம் பிரீஸ்ட்ரெஸ் கம்பிகளின் துரு. பிரிட்டனில் இந்தப் பயத்தாலேயே 1992-ல் கிரவுட் போடும் வகைப் பாலங்களைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்தி வைத்து, விதிகளைத் திருத்திய பிறகு 1996-ல்தான் மறுபடி அனுமதித்தார்கள்.

சைட்டில் கிரவுட் ரிஜிஸ்டர் என்று ஒரு நோட்டு உண்டு. அதில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் சின்ன இன்ஜினியர். அதாவது நாளைக்கு நீங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, பசியில், "பாக்கி ரெண்டு டக்ட்தானே சார், போட்டாச்சுன்னு எழுதிக்குங்க" என்று யாராவது சொல்வார்கள். அந்த இரண்டு டக்ட் எங்கே போய் முடியும் என்பதற்கு மாண்டவி சாட்சி.

மூன்றாவது பதில், பாலமே தன்னைத் தாங்கிக்கொள்ளும்.

கீழே ஆழமான தண்ணீர். கண் நீளம் நூறு மீட்டர். முட்டும் கொடுக்க முடியாது, அவ்வளவு நீளக் கர்டரைத் தூக்கவும் முடியாது. அப்போது தூணைக் கட்டிவிட்டு, அதன் தலையிலிருந்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு மீட்டராகக் கையை நீட்டிக்கொண்டே போவது. காவடி மாதிரி. ஒரு பக்கம் ஒரு துண்டு கட்டினால் மறுபக்கமும் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டையும் பிரீஸ்ட்ரெஸ் கம்பியால் பழைய துண்டோடு இழுத்துக் கட்டிய பிறகு, அச்சைத் தாங்கும் வண்டி அதன் மேல் ஏறி அடுத்த துண்டுக்குப் போகும். நேற்றுப் போட்ட கான்கிரீட் இன்றைய கான்கிரீட்டைத் தாங்குகிறது. ஒரு தூணிலிருந்து நீளும் கையும் அடுத்த தூணிலிருந்து நீளும் கையும் நடுவில் சந்திக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் கப்பல் போகும் பெரிய கண்ணை இந்த முறையில்தான் கட்டினார்கள். 1974-ல் தொடங்கிய வேலை. 1988 அக்டோபர் 2-ல் திறந்தார்கள். உப்புக் காற்றும் புயலும் உள்ள கடலில் 2.3 கிலோமீட்டர். ராமேஸ்வரம் போகிறவர்கள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். தாங்கள் நிற்கிற பாலத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை!

நான்காவது ஒரு பதிலும் உண்டு. கரையிலேயே பாலத்தைத் துண்டு துண்டாக வார்த்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து மொத்தப் பாலத்தையும் தூண்களின் மேல் முன்னால் தள்ளிக்கொண்டே போவது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கார்த்திகைத் தேரில் முன்னால் வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், பின்னால் நெம்புதடி போடுகிறவரும் முட்டுக்கட்டை போடுகிறவரும் இல்லாமல் தேர் நிலைக்கு வராது. இங்கேயும் அப்படித்தான். தள்ளுவதும் கணக்கு, நிறுத்துவதும் கணக்கு. 1990-களில் கொங்கண் ரயில் பாதைக்காகப் பன்வல் நதிப் பாலத்தை இப்படித் தள்ளித்தான் கட்டினார்கள். நீளம் 424 மீட்டர். உயரம் அறுபது மீட்டருக்கு மேல். அது ரயில் பாலம் என்றாலும் முறை சாலைப் பாலத்துக்கும் ஒன்றே.

இப்படி எத்தனை பதில் சொன்னாலும், கடைசியில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தரை முட்டைத் தாங்குகிறது, தூண் கர்டரைத் தாங்குகிறது, சரி. தூணை யார் தாங்குவது? ஆற்றின் படுகை. அந்தப் படுகையே எழுந்து போய்விட்டால்?

நான் எங்கே வருகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். 2024 டிசம்பர் முதல் தேதி நம்மால் மறக்கக்கூடியது அல்ல. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு கொட்டிய மழையில், நம் தீபமலைச் சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைப் புதைத்தது. அன்று இரவே சாத்தனூர் அணைக்கு வந்த வெள்ளம் அப்படியே வெளியேற்றப்பட்டது. வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. தண்டராம்பட்டு வட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துத் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, அந்த வருடம் செப்டம்பரில் திறந்த உயர்மட்டப் பாலம், மூன்று மாதத்தில் அந்த வெள்ளத்தில் உடைந்து போனது.

இந்த அரங்கில் பலர் படிக்கும்போது சாத்தனூர் டூர் போய் முதலைப் பண்ணை பார்த்தவர்கள். அந்தப் பாலம் வேண்டும் என்று அந்தக் கிராமத்து மக்கள் காத்திருந்ததும் நமக்குத் தெரியும். நான் அரசியல் பேச வரவில்லை. யார் மேலும் பழி சொல்லவும் வரவில்லை. ஒரு பொறியாளனாக எண்களை மட்டும் பார்க்கிறேன். சுமார் 54 ஆயிரம் கன அடி நீருக்கு வடிவமைத்த பாலம் அது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். வந்தது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

வெள்ளம் மூன்று மடங்கானால் என்ன ஆகும்? மணல் ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஆழத்துக்குப் படுகையை அரிக்கும் என்பதற்கு 1930-ல் லேசி என்ற பொறியாளர் வகுத்த சூத்திரத்தின் வழியில்தான் நம் விதிநூல் இன்றும் நடக்கிறது. நீர் எட்டு மடங்கானால் அரிப்பு ஆழம் நான்கு மடங்காகும். நீர் மூன்று மடங்கானால் ஆழம் இரு மடங்குக்குச் சற்று மேல். அதுவும் சராசரி ஆழம். தூணைச் சுற்றி நீர் சுழல்வதால் அங்கே அதைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. இது அந்தப் பாலத்தின் கணக்கு அல்ல. வெள்ள மட்டத்திலிருந்து சராசரி அரிப்பு 4 மீட்டர் என்றால் தூணருகே 8 மீட்டர். அதற்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு பிடிமானம் வைத்தால் அஸ்திவாரம் ஏறக்குறைய பத்தரை மீட்டரில் நிற்கும். மூன்று மடங்கு வெள்ளம் வந்தால் தூணருகே அரிப்பு 16 மீட்டரைத் தாண்டும். அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணே இல்லை. மேலே கர்டர் எவ்வளவு அருமையாக வார்த்திருந்தாலும், கிரவுட் எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தாலும், நிற்க இடமில்லாத தூண் என்ன செய்யும்?

இது புதுப் பாலத்துக்கு மட்டும் நேர்வதல்ல. திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் தொண்ணூறு வருடம் நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 2016-லேயே போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இரும்பில் பழுது வந்து விழவில்லை. காலடியில் மணல் போய்த்தான் விழுந்தது.

ஆகவே இந்நாள் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சாஃப்ட்வேரில் மாடல் போடும்போது தூணின் அடியில் ஒரு முக்கோணத்தைப் போட்டு "சப்போர்ட்" என்று வைத்துவிடுகிறோம். அந்த முக்கோணம் கணக்கில் அசையாது. ஆற்றில் அசையும். டிசைனில் எழுதுகிற வெள்ள அளவு எங்கிருந்து வந்தது, மேலே அணை இருந்தால் அது அதிகபட்சம் எவ்வளவு திறந்துவிடும், கரையோர ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற பழைய வெள்ள அடையாளம் எந்தப் படிக்கட்டில் இருக்கிறது, இதை எல்லாம் கேட்கிற துணிச்சல் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மழை இப்போது பழைய அட்டவணைப்படி பெய்வதில்லை. அந்த டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. நம் தாத்தா காலத்து எண்ணை வைத்து நம் பேரப்பிள்ளைகளுக்குப் பாலம் கட்ட முடியாது.

கேள்வி கேட்டால் வேலை தாமதமாகும். செலவு கூடும். "சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் அன்று விடியற்காலையில் கடப்பாரையோடு வந்து என்னை எழுப்பிய மேஸ்திரிக்கு என்னைவிடக் குறைந்த சம்பளம், என்னைவிடக் குறைந்த பதவி. அவர் சொல்லத் தயங்கவில்லை. கேட்கத்தான் நான் தயங்கினேன். அந்த ஒன்பது நாளும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றதுதான் என் உண்மையான பட்டப்படிப்பு.

இன்றும் எந்த சைட்டுக்குப் போனாலும் கான்கிரீட்டுக்கு முன்னால் ஒரு கடப்பாரை கேட்டு வாங்குகிறேன். என் கீழ் வேலை செய்யும் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.